நாத்தனாருக்கு வந்த குரலும் நான் எழுதிய நோட்டும்

செவ்வாய்க்கிழமை தோறும் காலை பஸ்ஸில் கடலூரிலிருந்து சிதம்பரம் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரின் தங்கைக்கு அங்கே ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. அதை எழுதிக்கொள்ளத்தான் போனேன்.

முதல் தடவை வந்தது காலை பத்து மணிக்கு. குக்கரை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாளாம். நெஞ்சுக்குள் யாரோ "மகளே" என்று கூப்பிட்டார்களாம். டெலிபோன் ஆபீசில் இத்தனை வருஷம் ஊரார் குரலையெல்லாம் சேர்த்துவிட்டவளுக்கு, ஓய்வு பெற்றதும் நேராகவே ஒரு குரல் வந்துவிட்டது. அவள் பேச்சில் பாதி இங்கிலீஷ் இருக்கும். குரலோ சுத்தத் தமிழில் பேசியது. நல்ல குணமுள்ள குரல். விசில் வந்தால் நிறுத்திக்கொள்ளும், அடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். சீரியல் நேரத்தில் வரவே வராது.

அவள் மகள் செல்போனில் பதிவு செய்து பார்த்தாள். போட்டுக் கேட்டால் அவள் அம்மாவைவிடக் குக்கர்தான் அதிகம் பேசியிருந்தது. கண்ணை மூடிச் சொல்கிறவளால் எழுதவும் முடியாது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"படிச்சவுங்க எழுதுனா சொந்த சரக்கைக் கலந்துடுவாங்க அண்ணி. நீங்க அஞ்சாங்கிளாஸோட நின்னவுங்க. சொன்னத அப்படியே எழுதுவீங்க."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது.

குரல் நல்லதைத்தான் சொன்னது. நீ கரை அல்ல, நீர். எவரும் அந்நியர் அல்லர். பிறரிடம் குற்றம் காணாதே. இதைச் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்ததும் என் நாத்தனார் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம், "இது என்ன தேய்ச்சிருக்க, அடியில கரி அப்படியே நிக்குது" என்பாள். குரல் கிளம்பிப் போயிருக்கும்போல.

கஷ்டம் என்னவென்றால் அது வேகமாகப் பேசியது. நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எழுதுகிறவள். 'பிரபஞ்சம்' என்று எழுதி நிமிர்வதற்குள் நாலு வரி போயிருக்கும். விட்ட இடத்தைக் காலியாக விட்டுவைப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நோட்டு ஓட்டையும் உடைசலுமாக இருக்கும். அப்படியே கொடுக்க வெட்கம். முன்னும் பின்னும் படித்துப் பார்த்து, எனக்குத் தெரிந்ததைப் போட்டு அடைத்துவிடுவேன்.

பயத்தைப் பற்றிக் குரல் பேசிய அன்று முக்கால் பக்கம் விட்டுப்போயிற்று. அங்கே நான் எழுதியது இது: 'பயம் வந்தால் அதோடு உட்கார்ந்து பேசாதே. ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்து உருவு. முடிப்பதற்குள் பாதி பயம் போயிருக்கும்.' கடல் ஏறப்போகிறது, எல்லோரும் கிளம்புங்கள் என்று எங்கள் தெருவில் மைக் கட்டிச் சொல்லிப்போன அன்று நான் செய்த காரியம்தான்.

நோட்டுகள் புத்தகமாயின. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வாசித்தார்கள். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் விளக்கம் சொல்வார். எல்லோருக்கும் பிடித்தது கீரை வரிதான். மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது மூன்று கட்டு உருவியதாக ஒரு அம்மா கண் கலங்கிச் சொன்னார். நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது குக்கர் அடுப்பில் இல்லை. நாத்தனார் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கி எழுத வேணாம் அண்ணி. அந்தக் கீரை வரி எறங்குன அன்னிக்கி எப்படி இருந்துச்சுன்னு வாத்தியார் கேட்டாரு. எனக்கு ஞாபகமே இல்ல. சொன்னதே ஞாபகம் இல்ல. அம்மாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது?"

என் மாமியார் கடைசிக் காலத்தில், பெற்ற மகளையே 'நீ யாரு வீட்டுப் பொண்ணு?' என்று கேட்டவர். இவள் பாண்டிச்சேரியில் தலையை ஸ்கேன் எடுக்க நாள் வாங்கிவிட்டாள்.

சொன்னால் இனி என்னை நம்பமாட்டாள். சொல்லாவிட்டால் தன்னையே நம்பமாட்டாள்.

"பாப்பா, அது நீ சொன்னது இல்ல."

"தெரியும் அண்ணி, குரல் சொன்னது."

"குரலும் சொல்லல. நான்தான்."

"நீங்களா?"

"நீ வேகமா சொன்ன, எனக்குக் கை ஓடல. எடம் சும்மா கெடந்துது..."

"மெதுவா சொல்லுன்னு கேக்கறதுதான?"

"அந்தக் குரல்கிட்ட எப்படிப் பாப்பா அப்படிக் கேக்கறது?"

எழுந்து போய்ப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்து வந்தாள். "இது?"

"அது குரல்."

"இது?"

"அது நான்."

"'மனத்தாங்கல் உள்ள வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பு, பாத்திரம் திரும்பும்போது பேச்சும் திரும்பும்.' இதாவது?"

நான் தரையைப் பார்த்தேன். பாத்திரம் என்றால் உடல், குழம்பு என்றால் வினை என்று வாத்தியார் அதற்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லியிருந்தார்.

அவள் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். வர வேண்டியதில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரு முனைவரை கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னாள். பிறகு சோறு மட்டும் போட்டாள். ரசம் ஊற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சரி, குரல் சொன்னதுல ஒங்களுக்கு எது புடிச்சுது?"

யோசித்துப் பார்த்தேன்.

"கால் போட்டனா, கொம்பு போட்டனான்னு பாக்கவே நேரம் சரியாப் போச்சு பாப்பா. அர்த்தத்த நான் எங்க கேட்டேன்?"

கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"என்னோட வரியெல்லாம் எடுத்துடு பாப்பா" என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும். வாத்தியார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி. பாவம், மனசு ஒடஞ்சிடுவாரு."