ஷெர்லின் மிஸ்ஸும் இடம் மாறிய வேலியும்

ஷெர்லினுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையிலிருக்கும் சாக்பீஸ்தான் உடையும். அந்த ஜூன் மாதம் பெட்டி பெட்டியாக உடைந்தது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. அவள் ஐந்தாம் வகுப்பு டீச்சர், நான் பக்கத்து அறையில் நாலாம் வகுப்பு டீச்சர். இருநூறு பிள்ளைகளுக்கும் ஒரே மைதானம், ரோட்டைப் பார்த்த நல்ல சதுரம். அதில் கடை கட்டி வாடகைக்கு விட எங்கள் தாளாளருக்கு ஆசை வந்துவிட்டது. கோடை விடுமுறையில் வேலியைப் பிடுங்கிக் கட்டடத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, நீளவாக்கில் நட்டுவிட்டார்.

"அதே கம்பிதாங்க டீச்சர். ஒரு அடி மிஞ்சவும் இல்ல, குறையவும் இல்ல. இடம்தான் மாறியிருக்கு," என்றார் தலைமையாசிரியர் விக்டர். வேலி போட்டவன் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார். படித்த மனுஷன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

ஷெர்லின் சண்டைக்குப் போகவில்லை, பாடம் நடத்தினாள். பிள்ளைகள் கயிறு பிடித்து, பழைய கம்பக் குழிகளையும் புது வேலியையும் சுற்றி அளந்தார்கள். இரண்டும் எண்பது மீட்டர்.

"சார் சொன்னது சரிதான் மிஸ்," என்றாள் வஹீதா.

"சுத்தி வந்தா சரிதான். இப்ப உள்ள நிரப்புங்க."

பழைய பேப்பரை ஒட்டி, மீட்டருக்கு மீட்டர் சதுரம் செய்திருந்தார்கள். அதைத் தரையில் வைத்து, ஓரத்தில் கோடு போட்டு, நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள். பழைய இடத்தில் நானூறு கட்டம். புது இடத்தில் நூற்று எழுபத்தைந்து.

"மிஸ், மீதி எங்க போச்சு?" என்று கேட்டாள் வஹீதா.

பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் அதே கம்பிக் கதையை ஆரம்பித்தார். ஷெர்லின் எழுந்து எல்லாரையும் பின்பக்கம் கூட்டிப்போனாள். கட்டத்துக்கு ஒரு பிள்ளை என்று நிறுத்தினாள். கட்டம் தீர்ந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இருபத்தைந்து பேர் வேலிக்கு வெளியே, சாக்கடை நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"முறை வச்சு விளையாடட்டுமே," என்றார் தாளாளர். வெட்கம் கெட்ட பேச்சு!

வஹீதாவின் அம்மா சாரா பீவி முந்தானையை இழுத்துச் செருகினார். "சின்னப் புள்ளைங்கள சாக்கடையில நிறுத்திட்டு எங்க காதுல பூ சுத்துறீங்களா?" என்று முதல் கம்பத்தைப் பிடித்து ஆட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

"யார் இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினார் தாளாளர்.

"நான்தான் சார்," என்றாள் ஷெர்லின். "அஞ்சாம் வகுப்புக் கணக்கு. அதுக்குத்தானே என்னை வேலைக்கு வச்சிருக்கீங்க?"