முற்றும் போட்ட பிறகும்

எண்பதுகளில், ஆவடியிலிருந்து மண்ணூர்பேட்டைக்கு வேலைக்குப் போகும் காலைப் பேருந்தில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். கதவு அகலத்துக்கு ஆள், முறுக்கு மீசை. ஆனால் பேருந்து நகர்ந்தாலே அவருக்குக் குமட்டும். சன்னலோரமாக உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். என்னைவிட மூத்தவர்தான், இருந்தாலும் என்னை அண்ணாத்தே என்பார்.

யாரிடமும் பேசக் கூசும் நான் அவரிடம் மட்டும் வாதாடினேன். வாரப் பத்திரிகையில் ஒரு மாயாஜாலத் தொடரை இருவரும் படித்துவந்தோம். அதில் தந்திரக்கார மந்திரவாதி நெருப்புக் குண்டத்தில் குதித்துவிட்டான். செத்தான் என்றேன்.

“அவனாவது சாவறதாவது! கதை முடியறதுக்குள்ள வந்துருவான். வரலன்னா ஒரு மாசம் சன்னல் சீட்டு உனக்கு” என்றார்.

கதை முடிந்தது. மந்திரவாதி வரவில்லை.

மறுநாள் சன்னலை எனக்கு விட்டுவிட்டார். திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“இந்தப் பக்கம் வந்துடுங்க” என்றேன்.

“பந்தயம்னா பந்தயம்.”

“அப்போ அவன் செத்தது நிஜந்தானே?”

“இன்னா பேசற அண்ணாத்தே? முற்றும்னு கதைக்குத்தான் போட்டுக்கீறான், அவனுக்கா போட்டான்? குதிக்கிறதுக்கு மின்னாடி செருப்பக் கழட்டி ஓரமா வெச்சான் பாரு. திரும்பி வந்து மாட்டிக்கத்தான்!” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“சரி, அவன் சாகலை. நான்தான் தோத்தேன்” என்று எழுந்தேன். சட்டென்று நகர்ந்து உட்கார்ந்து, மீசை காற்றில் பறக்க முகத்தை வெளியே நீட்டினார்.

அவருக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஆனால் மண்ணூர்பேட்டையில் இறங்கி நடக்கும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்றுவரை அது தீரவில்லை.