மூன்றாம் மாடிக்குச் சரக்குக் கறி

அக்னெஸ் ஆன்ட்டியை மாரடைப்புகூட அவ்வளவு கோபப்படுத்தவில்லை. மகள் அஜந்தா சொன்ன ஒரு வார்த்தைதான் கோபப்படுத்தியது. "அம்மா, நீங்கள் படி ஏறிக் கஷ்டப்படாதேங்கோ. பிள்ளை பிறந்தாப் பிறகு கடையிலை சாப்பாடு எடுப்பம்."

"பிள்ளைப்பெத்தவளுக்குக் கடைச் சாப்பாடோ? நான் என்ன செத்தா போயிட்டன்?"

பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் குடியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான் என்று குடிவந்த அன்றே பெருமையாகச் சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து வைஃபை நின்றாலும் குழாய் ஒழுகினாலும் மேலேயிருந்து "பட்டதாரித் தம்பி!" என்று கூப்பாடு வரும்.

ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் நெடுங்காலம் சமைத்தவர். போன பனிக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு வசந்தம் முழுக்க ஆஸ்பத்திரியில் இதயநோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பு. அது முடிந்து அனுப்பும்போது, பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கு இவ்வளவு நட என்று அது சொல்லும். நடந்து வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்கும். 'மிகச் சுலபம்', 'கொஞ்சம் சிரமம்', 'மிகச் சிரமம்' என்பவற்றில் ஒன்றை அமுக்க வேண்டும். அந்தப் பதிலைப் பார்த்து அடுத்த நடையைக் கூட்டும் அல்லது குறைக்கும். இன்னொரு புறநகரான புரோசார்ட்டில் இருக்கும் கிறேஸ் என்ற தமிழ் நர்ஸ் அதைக் கவனித்து, அவ்வப்போது போனில் பேசுவார்.

அஜந்தா குடியிருப்பது நகருக்குள், மூன்றாம் மாடியில். வீட்டுக்கு வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படிகள். "நடை சரிவரட்டும் அன்ரி, பேந்து படியைப் பாப்பம்" என்று கிறேஸ் சொல்லியிருந்தார். ஆன்ட்டியின் உயிரே, பிறகு என்ற அந்தப் 'பேந்து'வில்தான் தொங்கியது. மகளுக்குத் தன் கையால் மல்லி, மிளகு, சீரகம் என்று சரக்கு அரைத்து, உள்ளிப்பூண்டு நிறையப் போட்டுப் பத்தியக் கறி வைக்க வேண்டும். அதுவும் அந்த வீட்டு அடுப்பிலேயே, சுடச்சுட.

எனவே நடந்தார். செயலி நடையைக் கூட்டிக்கொண்டே போனது. ஆன்ட்டியும் ஒரு நாள்கூட மறுக்கவில்லை.

"உம்மட போன் உம்மை ஒலிம்பிக்குக்கு அனுப்பப்போகுது" என்பார் கணவர் அருமைநாதன் அங்கிள்.

"உங்களைப்போலை சோபாவிலை கிடக்கச் சொல்லுறியளோ?"

ஒரு மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நிறுத்தத்துப் பெஞ்சில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கையில் போன் வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே 'மிகச் சுலபம்' என்பதை அமுக்கினார்.

"என்ன ஆன்ட்டி இது! மூச்சே விட முடியல, இதுல சுலபமா?"

"சும்மா இரும் தம்பி. சுகமோ எண்டு ஒரு ஆள் கேட்டால் சுகம் எண்டுதானே சொல்லுறது? எங்கட அழுகுணிக் கதையை அவையளிட்டைக் கொட்டுறதே?"

"தினமும் இதையேதான் அமுக்கினீங்களா?"

"ஓம். அந்தக் கிறேஸ் நல்ல பிள்ளை. அவவுக்கு ஏன் மனவருத்தத்தைக் குடுப்பான்?" பிறகு குரல் இறங்கியது. "கஷ்டம் எண்டு சொன்னால், படியிலை ஏறவேண்டாம் எண்டிடுவினம்."

நான் அந்தப் போனை வாங்கி, அதிலேயே கிறேஸை அழைத்து ஆன்ட்டியிடம் நீட்டினேன். நெஞ்சு நோகிறதா, கை உளைகிறதா என்று கிறேஸ் வரிசையாகக் கேட்டார். இல்லை. இருந்தாலும் மறுநாள் காலையிலேயே டாக்டரைப் பார்க்க வைத்தார். இதயத்தில் பிழை ஒன்றுமில்லை, அளவுக்கு மீறி நடந்ததுதான் வினை என்றார் டாக்டர்.

அன்று மாலை சமையலறையில் ஸ்பீக்கரில் கிறேஸ் கேட்டார்: "அன்ரி, ஒளிக்காமல் நீங்கள் ஆரிட்டை உள்ளதைச் சொல்லுவியள்?"

"கோயிலிலை சுவாமியாரிட்டை. பாவத்தைச் சொல்லுற பாவசங்கீர்த்தனத்திலை."

"அப்ப இதையும் பாவசங்கீர்த்தனமாய் நினையுங்கோ. உள்ளதைச் சொன்னால்தான் உங்களைப் படியிலை ஏத்தலாம்."

ஆன்ட்டி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அப்ப பழசும் எல்லாம் சொல்லவேணுமோ?"

அங்கிள் சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறியது.

அதன் பிறகு கிறேஸ்தான் திண்டாடினார். செயலியில் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. ஆன்ட்டி அதில் முழங்கால் வலி, இரவு களவாய்த் தின்ற மிக்சர், புருஷனோடு போட்ட சண்டை, பூசையில் தூங்கியது எல்லாவற்றையும் எழுதினார். "மிக்சர் மட்டும் போதும் அன்ரி" என்று கிறேஸ் கெஞ்சினாராம். நடை பாதியாகக் குறைந்தது. பிறகு மெல்ல மெல்ல, இந்த முறை நிஜமாகவே, ஏறியது. எங்கள் வீட்டு மாடிப்படியிலும் பழகச் சொன்னார்கள். நான் கீழே வேலை செய்துகொண்டிருக்கும்போது தலைக்கு மேல் மெதுவான காலடிகள் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும்.

அஜந்தா பெண் குழந்தை பெற்று வீடு திரும்பிய அன்று டாக்டரும் கிறேஸும் சரி என்றார்கள். ஒரு நிபந்தனை: இரண்டாம் மாடியில் உட்கார்ந்து ஆற வேண்டும்.

அம்மியில்லாத குறைக்கு மிக்ஸியையும் சரக்குச் சாமான்களையும் நானும் அங்கிளும் தூக்கிக்கொண்டோம். ஆன்ட்டி கம்பியைப் பிடித்து ஏறினார். இரண்டாம் மாடிக்காரப் பிரெஞ்சு அம்மாள் தன் பால்கனியில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஆன்ட்டி "மெர்சி" சொல்லி உட்கார்ந்தார். மேலேயிருந்து குழந்தை அழுதது.

"எழும்புமன்" என்றார் அங்கிள்.

"பொறுங்கோ. மூச்சு வாங்குது. பொய் சொல்ல ஏலாது."

மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடி முழுக்க மிளகும் உள்ளியும் மணந்தன. அஜந்தா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்றாள்.

மாலையில் நாங்கள் புறப்பட்டோம். ஆன்ட்டி அசையவில்லை.

"இவ்வளவு பாடுபட்டு ஏறினது இறங்கிறதுக்கே? பிள்ளைத் துடக்கு முப்பத்தொரு நாளும் கழியட்டும், வாறன். அங்கை வீட்டிலை அரிசி வாளிக்குள்ளை இருக்கு. தம்பிக்கும் சேர்த்துக் காய்ச்சுங்கோ."

அங்கிள் என்னைப் பார்த்தார். "தம்பி, உமக்குச் சமைக்கத் தெரியுமோ?"