சுத்திகரித்த தண்ணீர், ஒரு டம்ளர்

எங்கள் மருந்துத் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களைக் கடைசியாகக் கழிவுநீர் நிலையத்துக்கு அழைத்து வருவார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கழிவைச் சவ்வுக் குழாய்களில் அழுத்தி வடிகட்டிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, நிலையப் பொறுப்பாளர் அவர்கள் முன்னால் குடித்துக் காட்ட வேண்டும். உண்மையில் அது இயந்திரங்களைக் குளிர்விக்கிற கூலிங் டவருக்குப் போகிற தண்ணீர். குடிப்பதற்கென்று யாரும் அதைச் சுத்தம் செய்யவில்லை. ஆனாலும் எனக்கு முன்னால் இருந்தவர் குடித்தார், வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் ஓய்வு பெற்றதும் அந்தக் கடமை என் தலையில் விழுந்தது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா சாரத்தில் கொத்து வேலை செய்கிறவர். ‘எம்புள்ள ஆபீசரு’ என்று கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அன்று அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது.

தொழிற்சாலையைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. காலையில் சவ்வுக்குப் போகும் தொட்டியின் மூடியைத் திறந்தேன். நகப்பூச்சு அழிக்கும் மருந்தின் வாடை அடித்தது. மருந்துக் கலனைக் கழுவிய, சால்வென்ட் என்கிற கரைப்பான் கலந்த தண்ணீர் தனித் தொட்டிக்குப் போக வேண்டும். யாரோ பொதுக் குழாயில் திறந்துவிட்டிருந்தார்கள். உற்பத்திப் பிரிவுக்குப் போன் செய்தேன். “கொஞ்சந்தான் சார் வந்திருக்கும், உடுங்க” என்றார்கள்.

வடிகட்டிய தண்ணீரின் மீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டியது. மீட்டருக்குத் தெரிவது உப்பு மட்டும். உப்பைத் தடுக்கிற சவ்வு, சில சால்வென்ட்டுகளை வழிவிட்டு அனுப்பிவிடும். டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. அதில் வாடை வருகிறதா, என் மூக்கிலேயே தங்கிவிட்டதா என்று தெரியவில்லை.

“இன்னா சார், பேயறஞ்ச மாரி நிக்கிறீங்க?” என்றார் நாங்கள் பாய் என்று கூப்பிடும் ஆபரேட்டர். நெல்லித்தோப்புக்காரர். அவருக்கு எல்லாமே கிண்டல்தான்.

“இன்னிக்கு இதக் குடிக்க முடியாது பாய்.”

“பழைய சாரு குடிச்சாரு. லாஸ்பேட்டைல மாடி வீடு கட்டிகினு ஜம்முன்னு இருக்காரு.”

டம்ளரை அவரிடம் நீட்டினேன். மோந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “மேனேஜராண்ட நீங்களே சொல்லிடுங்க சார்” என்றார்.

மேனேஜருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “பாக்க வர்றவங்க கேட்டாண்ட வந்துட்டாங்க தம்பி. ஒரு வாய்தானே, முழுங்கிட்டுப் போ” என்று வைத்துவிட்டார்.

எங்களிடம் மருந்து வாங்கும் கம்பெனியிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். டம்ளரை எடுத்தேன். குடிக்காமல் மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

“சார், எனக்குக் காலைலேருந்து வயிறு சரியில்ல.”

“இந்தத் தண்ணியால இல்லீங்க” என்று மேனேஜர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரே டம்ளரை வாங்கி அண்ணாந்தார். தொண்டை ஏறி இறங்கியது. கைதட்டினார்கள். டம்ளரைத் திருப்பித் தந்தார். தண்ணீர் துளிகூடக் குறையவில்லை.

அப்போது வந்தவர்களில் ஓர் இளம்பெண், “நானும் டேஸ்ட் பண்றேனே” என்று என் கையிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டாள். மேனேஜரைப் பார்த்தேன். அவர் சவ்வுக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள்.

“மேடம், வேணாம். அதுல சால்வென்ட் கலந்திருக்கு. காலைலயே தெரியும்.”

என் குரலா அது என்று இருந்தது. அவள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். வந்தவர்கள் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே அறைக்குள் போனேன். அவர் கதவைச் சாத்தினார். ஏசி ஓடியும் அவர் கழுத்து வேர்த்திருந்தது.

“நான் குடிக்கல. நீ பாத்த இல்ல?”

“பாத்தேன் சார்.”

“அந்தப் பொண்ணு பாத்துச்சா?”

“தெரியல சார்.”

நாற்காலியில் உட்கார்ந்தார். “பாத்திருந்தா, தெரிஞ்சேதான் அதக் குடிக்க விட்டேன்னு ஆயிடுமே” என்றார். என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் போகச் சொல்லட்டும் என்று அங்கேயே நின்றேன்.