பொட்டு வைத்த வண்டி

இப்போது எங்கள் வீட்டு முன்னால் நிற்கிற பிக்கப்பை வேறு ஊரில், வேறு ஆளிடம் வாங்கினோம். அங்கே யாரும் எங்களை அக்கா, அண்ணே என்று உருகிக் கூப்பிடவில்லை. விலையைச் சொன்னார்கள், பேசினோம், எடுத்தோம். அதில் எழுத ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது ஈப்போவில் வாங்காமல் விட்டுவந்த பிக்கப்பைப் பற்றி.

நானும் என் வீட்டுக்காரரும் பீடோர் பக்கம் இருக்கிறோம். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து, பிறகு எண்ணெய்ச் செம்பனை ஆகி, அதிலும் ஒரு துண்டை வெட்டித் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டிய இடம். தொழில் சமையல். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கருமாதி, எதுவானாலும் ஆர்டர் எடுத்துச் செய்வோம். நான் சமைப்பேன், அவர் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். சிலிம் ரிவரிலிருந்து பாரிட் புந்தார் வரைக்கும் எங்கள் சாம்பார் போயிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஒரு பழைய பிக்கப்தான் சுமந்தது.

அந்த வண்டி ஒருநாள் கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனது. காலி அண்டாக்களோடு நாங்கள் இருவர் மட்டும். அவர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மலையோரத்து மண்மேட்டில் தேய்த்து நிறுத்தினார். எங்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னாலிருந்து பெரிய அண்டா ஒன்று மட்டும் குதித்து, ரோட்டில் உருண்டு, வளைவைத் தாண்டிப் போயே போய்விட்டது. அதன் சத்தம் அடங்கிய பிறகும் அவர் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன்.

மெக்கானிக் பிரேக் முழுவதையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஓட்டுகிற சீட்டில் உட்காரவில்லை. கேட்டால் இடுப்பு வலி என்பார், கண்ணாடி மாற்றணும் என்பார். பயம் என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டியை நான் ஓட்டினேன். நான் பொறுமைக்குப் பேர் போனவள் இல்லை. லாரிகளை ஒதுக்கி ஒதுக்கிப் போவேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வலது காலால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து மிதியடி கிழிந்தே போய்விட்டது.

அடுப்பையும் பார்த்து வண்டியையும் ஓட்ட எனக்கு நான்கு கை இல்லை. இரண்டு மூன்று ஆர்டர்களை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆனால் அதைவிட எனக்குத் தாங்காதது, அவர் வாசல் கேட் பக்கத்தில் நின்று, ஏற்கனவே ஈரமாக இருக்கிற செடிக்குத் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றுவதுதான். ஒரு சாயங்காலம் தேநீரை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “புது வண்டியா இருந்தா ஓட்டுவேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே ஈப்போவில் ஒரு ஷோரூமுக்குப் போன் போட்டேன். எடுத்தவன் நம் ஆள். முப்பது வயது இருக்கும் என்று குரலை வைத்து நினைத்தேன், நேரில் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தான்.

“ஒரே ஒரு யூனிட்தான் இருக்குக்கா. வெள்ளை. கம்பார்லேர்ந்து ஒருத்தவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான்தான் புடிச்சு வச்சிருக்கேன் லா.”

“எனக்காகவா புடிச்சு வச்சிருக்க? இப்பதான தம்பி நான் போனே போட்டேன்?”

அவன் சிரித்தான். “புதன் கெழமை வந்துருங்கக்கா. பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க. வாரப்ப மாலை ஒன்னு வாங்கிட்டு வந்துருங்க.”

விலை பேசப் போகிறவர்களுக்கு மாலை எதற்கு என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஈப்போவில் பூக்கடைகள் இருக்கிற தெருவில் இறங்கி நல்ல கதம்ப மாலையாகப் பார்த்து வாங்கினேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

ஷோரூமில் ஏர்கான் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். எனக்கு உட்காரத் தெரியாது. மறுநாள் ஒரு காதுகுத்துக்குச் சாப்பாடு. துருவ வேண்டிய தேங்காயே மலையாகக் கிடந்தது. நான் வண்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவன் என் பின்னாலேயே வந்து, எந்தத் தோட்டம் என்று கேட்டான். சொன்னேன்.

“அட, எங்கம்மாவும் அங்கதாங்கா! ரெண்டாவது டிவிஷன்!”

எங்கள் தோட்டம் சின்னத் தோட்டம். இரண்டாவது டிவிஷன் என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. நான் வாயைத் திறக்கும் முன் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். விடு, பொழைக்கிற பையன் என்று அர்த்தம். அவருக்கு ஊரில் எல்லாருமே பொழைக்கிற பையன்தான்.

“பழைய வண்டி சாவியக் குடுங்கண்ணே, எங்க ஆளு ஓட்டிப் பாத்து நல்ல வெலை போடுவான்” என்றான் அவன். அவர் கொடுத்துவிட்டார். அதோடு எங்கள் கால் கட்டப்பட்டது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு எங்களைப் பின்பக்கத்து வெளியிடத்துக்குக் கூட்டிப் போனான். வெள்ளைப் பிக்கப் அங்கே நின்றது. அழகான வண்டி, பொய் சொல்ல மாட்டேன். நான் கதவைத் திறந்தேன், மூடினேன், பின்தட்டை இறக்கி ஏற்றினேன், எத்தனை அண்டா நிற்கும் என்று கண்ணால் அடுக்கினேன். திரும்பிப் பார்த்தால் அவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். எத்தனையோ மாதமாக எந்த வண்டியையும் அவர் தானாகத் தொட்டதில்லை.

விற்கிறவன் கண்ணும் அதைப் பார்த்தது. அவன் தொழிலே அதுதானே.

“அண்ணே, பன்னெண்டு மணிக்கு ராகு காலம் வந்துரும். மொதல்ல பூசயப் போட்ருவோம். கையெழுத்து எங்கயும் ஓடிப் போவாது.”

“விலையே இன்னும் முடிவாகல தம்பி” என்றேன்.

“போன்ல சொன்ன அதே விலைதாங்கா. நம்ம ஆளுங்களுக்கு நான் வேற மாதிரி செய்வேனா?”

நான் மறுத்திருப்பேன். ஆனால் அவர் ஏற்கனவே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? அவன் மேசை இழுப்பறையிலிருந்து சந்தனம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தன. பெட்டிக்கடையே அதற்குள் இருந்தது. அவர் பானெட்டில் சந்தனம் வைத்து நடுவில் குங்குமப் பொட்டு இட்டார். மாலையைப் போட்டார். கற்பூரம் காட்டிவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தோம்.

“நீங்கதான் ஏறி நசுக்கணும்ணே. சொந்தக்காரரு நீங்கதானே.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு முழம் நகர்ந்தது, பழங்கள் வெடித்தன, நிறுத்தினார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் கதை மாறியது. போனில் சொன்ன விலை வெறும் வண்டிக்காம். கண்ணாடிக்கு ஒட்டுகிற கறுப்புத் தாள், அடித்தட்டுக்குத் துருப்பிடிக்காத பூச்சு, பின்பக்க மூடி, தரைவிரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் வண்டியாம். “கம்பெனி பேக்கேஜ்கா, கழட்ட முடியாது.” தரைவிரிப்பைக்கூடக் கழற்ற முடியாதாம், அதைத் தைத்தா வைத்திருக்கிறார்கள்? பழைய வண்டிக்கும் போனில் சொன்னதில் பாதிதான் கிடைக்கும் என்றான். கண்ணாடி அறைக்குள் இருந்த சீன மேனேஜரிடம் போவான், வருவான். “போஸ் முடியாதுங்குறாரு, ஆனா நான் அழுதுகிட்டு கேக்குறேன் லா.” கண்ணாடிக்குப் பின்னால் அந்த மனிதர் எங்களைப் பார்த்துப் புன்னகையோடு தலையை ஆட்டினார். இவன் உள்ளே போய் என்ன அழுதானோ, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். தேங்காய் துருவணும், பருப்பு ஊறப் போடணும், பன்னிரண்டு தாண்டி எத்தனை நேரம் ஆயிற்று. உடம்பெல்லாம் எறும்பு ஊறியது.

“சாவியக் குடு தம்பி. நாங்க கெளம்புறோம்.”

“சாவி எடுத்துக்கிட்டு ஆளு சாப்புடப் போயிட்டான்கா. இன்னொரு கப் தே தாரேக் சொல்லவா?”

“எனக்கு ஒன்னும் வேணாம். இந்த வண்டி வேணாம்.”

அவன் என்னைவிட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தி, ரொம்ப அன்பாகச் சொன்னான். “அண்ணே, பொட்டு வச்ச வண்டி. பழம் நசுக்கியாச்சு. விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நாளைக்கி ரோட்டுல ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டா மனசு தாங்குமா?”

அந்த அண்டா ரோட்டில் உருண்ட சத்தம் என் காதில் கேட்டது. மலையில் நடந்தது அவனுக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னான். ஆனால் இதே பேச்சை எத்தனை பேரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பான் என்று நினைத்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “டேய், சாமியையும் பேக்கேஜ்ல சேத்துட்டியாடா?” என்று நான் போட்ட சத்தத்தில் அந்தக் கண்ணாடி அறைக் கதவே திறந்தது. பக்கத்து மேசையில் பேனாவோடு குனிந்திருந்த ஒரு மலாய்க்காரத் தம்பதி பேனாவைக் கீழே வைத்தார்கள்.

கத்தி முடித்துத் திரும்பினால் அவர் நாற்காலி காலியாக இருந்தது.

அவ்வளவுதான், முடிந்தது, இனி எந்த வண்டியையும் தொட மாட்டார் என்று நினைத்தேன். வெளியே ஓடினேன். பழைய வண்டி எங்கேயும் ஓட்டிப் பார்க்கப்படவில்லை, வந்து நிறுத்திய இடத்திலேயே வெயிலில் நின்றது. அதன் பின்சக்கரத்துக்குக் கீழே வெள்ளை வேட்டி தெரிந்தது. மல்லாந்து படுத்திருந்தார்.

பிறகு கிரீஸ் அப்பிய கையோடு வெளியே வந்தார். கையில் துருப்பிடித்த கம்பி, அதன் முனையில் ஒரு சாவி. சாவி தொலைந்தால் நடுக்காட்டில் நிற்கக் கூடாது என்று லாரி ஓட்டுகிறவர்கள் அடியில் ஒன்றைக் கம்பியால் கட்டி வைப்பார்கள். இவரும் கட்டி வைத்திருக்கிறார், இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லவில்லை.

விற்கிறவன் ஓடி வந்தான். “அண்ணே, பொட்டு வச்சது...”

“இருக்கட்டும் தம்பி” என்றார் அவர். “யாரு எடுத்தாலும் நல்லா இருக்கட்டும்.”

அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. பின்பக்கம் போய் அந்த மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். சந்தனத்தை மட்டும் தொடவில்லை.

வந்து பார்த்தால் ஓட்டுகிற சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போய் நின்றேன், நகரட்டும் என்று. அவர் நகரவில்லை.

“ஏறு” என்றார். “தேங்கா துருவணும்ல?”

ஏறினேன். மாலையை மடியில் வைத்துக்கொண்டேன். சிம்பாங் பூலாய் சிக்னலில் சிவப்பு விழுந்தது. இடப்பக்கம் கேமரன் மலைக்குப் போகிற ரோடு. அவர் அதைப் பார்த்தார், நான் அவர் விரல்களைப் பார்த்தேன். கணுக்கள் வெளுத்திருந்தன. நான் ஓட்டவா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்த நேரங்கள் குறைவு, அதில் இது ஒன்று. பச்சை விழுந்தது. நேராகப் போனார்.

கோப்பேங் தாண்டி ஒரு சின்ன இறக்கம் வரும். முன்னால் ஒரு மணல் லாரி போய்க்கொண்டிருந்தது. அவர் கியரைக் குறைத்து, இடைவெளி விட்டு, நிதானமாகத்தான் இறங்கினார்.

கிழிந்த மிதியடியின் மேல், இல்லாத பிரேக்கை நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.