எட்டாம் நம்பர் தொட்டி

என் பெயர் ஆங் பூன் கியட். சிங்கப்பூரின் தோ பாயோ உணவங்காடியில் மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் விற்கிறேன். கடை எண் எட்டு. காற்றோட்டமான மூலைக் கடை ஒன்று கிடைத்தும் அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, அதிர்ஷ்ட எண்ணான எட்டுக்காகக் கழிவறைக்கு எதிரில் வந்து உட்கார்ந்த புத்திசாலி நான். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வரவில்லை. எண்களின் குணம் மட்டும் அத்துப்படி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று நாலாம் எண். சீனர்களான எங்களுக்கு அது சாவின் எண்; எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. நாலாவது மாடியில் வீடு கிடைத்தபோது அரசாங்க வீட்டுக்கான வரிசையிலிருந்தே விலகி, இன்னும் இரண்டு வருடம் மாமியார் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு கிடந்தேன். இன்னொன்று, சோதனைக்கு வரும் அரசாங்க அதிகாரிகள்.

ரோஹானா என்ற மலாய்ப் பெண் அதிகாரி இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வருவாள். குளிர்பெட்டியைத் திறந்து மீனுக்குள் வெப்பமானியைச் செருகுவாள்.

"அங்கிள், அஞ்சு டிகிரி காட்டுது. நாலுக்கு மேல போகக்கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது?"

"நாலுல வச்சா வியாபாரம் செத்துரும்மா."

"மீன் ஏற்கெனவே செத்துத்தானே கிடக்கு? சரி, மூணுல வைங்க."

"மூணுக்குப் போகணும்னா நாலைத் தாண்டணுமே!"

அவள் சிரிக்கமாட்டாள். எச்சரித்துவிட்டுப் போவாள். அவள் தலை தெரிந்ததுமே பானக் கடை ஆ செங், "கோப்பி ஓ, சீனி இல்லாம!" என்று மூன்று முறை கத்துவான். யாரும் கேட்காத அந்தப் பாலில்லாக் கோப்பிக்காக எல்லாக் கடைகளிலும் துணி பறக்கும், பலகை துடைபடும். எங்களுக்குள் இருந்த ஏற்பாடு அது.

அதுவும் போதாதென்று கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து முழங்கினேன். "விருந்துக்கு வர்றவன்கூடச் சொல்லிட்டு வர்றான். அதிகாரி மட்டும் திருடன் மாதிரி வரலாமா? ஒரு நாள் முன்னாடி சொல்லணும்!" கைதட்டல் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தும் என் தலைக்கனம் இறங்கவில்லை. என் மனைவி லே ஹார் மிளகாய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "சொல்லிட்டு வந்தா அவ எதைப் பாக்குறதாம்? நீ துடைச்சு வச்சதையா?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

லே ஹாருக்கு நாற்பது வயதில் எங்கள் மகள் ஷுமின் பிறந்தாள். இனி ஒன்று கிடையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லே ஹாரின் தம்பி சிறு வயதில் ரத்த நோயில் போனவன். எலும்பு மஜ்ஜை கொடுக்கப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை. கடைசிவரை அவன் படுக்கையை விட்டு நகராதவள் இவள். அதனால், அந்த மாதிரி நோய் வந்தால் உதவுமென்று குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பல ஆண்டுகள் உறைய வைத்துக் காக்கும் தனியார் வங்கி ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டதும் அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. யோசிக்க வேண்டிய வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

"உங்க பாப்பாவோடது நாலாம் நம்பர் தொட்டிக்குப் போகுது அங்கிள்" என்றாள் வங்கிப் பெண்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "நாலா? பிறந்து ரெண்டு நாள்கூட ஆகல, அதுக்குள்ள நாலா? எட்டுக்கு மாத்து!"

"எல்லாத் தொட்டியும் ஒரே குளிர்தான் அங்கிள்."

"உனக்குத் தெரியாதும்மா. மாத்து."

இன்னும் உள்ளே வைக்கவில்லை என்பதால் மாற்றித் தந்தார்கள். படுக்கையில் இருந்த லே ஹார் சிரித்தாள். "பிள்ளை ரத்தத்துக்கும் கடை நம்பர் பாக்குறான் பாரு" என்றாள். ஆனால் தடுக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

பேருந்தில் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். கோயிலைக் கடப்பவர்கள் பார்ப்பது போல.

ஷுமின் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது செய்தி வந்தது. வங்கியின் சில தொட்டிகளில் குளிர் குறைந்து போயிருக்கிறது, சுகாதார அமைச்சு விசாரிக்கிறது, புதிதாக ரத்தம் வாங்கக் கூடாதென்று தடை போட்டாயிற்று. பெற்றோர்களை ஒரு பெரிய மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆ செங் அனுதாபம் சொல்ல வந்தவன், கெட்ட செய்தி எண்ணுக்கு நல்ல பரிசு விழும் என்று சொல்லி, லாட்டரி வாங்க எங்கள் ரத்தப் பையின் எண்ணைக் கேட்டான். நல்லவேளை, லே ஹார் கையில் அப்போது மிளகாய்க் கத்தி இல்லை.

மண்டபத்தில் அமைச்சின் அதிகாரி, ஒல்லியான ஒரு இளைஞன், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்தேன்.

"என் கடை மீனுக்குள்ள வருஷம் முழுக்கக் குச்சிய விட்டுப் பாக்குறீங்க! அரை டிகிரி கூடினாலும் திட்டு! எம் புள்ள ரத்தத்த எவனும் பாக்கலியா?"

கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. சங்கத்தில் கேட்ட அதே சத்தம். உடம்பெல்லாம் புல்லரித்தது, வெட்கமில்லாமல்.

"நாங்கதான் அங்கிள் பாத்தோம்" என்றான் அவன். "அலாரம் அடிச்சிருக்கு. தொல்லையா இருக்குன்னு அவங்க அணைச்சு வச்சிட்டாங்க. சொல்லிட்டுப் போயிருந்தா எல்லாத்தையும் சரிபண்ணி வச்சிருப்பாங்க. சொல்லாம கொள்ளாம உள்ள போனதாலதான் பிடிக்க முடிஞ்சுது."

லே ஹார் என் பக்கம் திரும்பவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "விருந்துக்கு வர்ற மாதிரி சொல்லிட்டு வரணும்னியே."

உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நான் உட்காரவில்லை. "எட்டாம் நம்பர் தொட்டி எப்படி?"

அவன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. "அது போச்சு அங்கிள். மன்னிச்சுக்குங்க."

"நாலு?"

"நாலு நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு எந்த முட்டாளும் கேட்டிருக்கமாட்டான். லே ஹார் என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் கட்டடம் வந்தபோது கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னைக் கொன்றது.

பிறகு வீட்டில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. ஷுமின் லேசாகத் தும்மினாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஒரு காலையில் கடை திறந்ததும் நான் குளிர்பெட்டியின் திருகைத் திருப்பினேன். முள் நாலில் வந்து நின்றது. மீன் வெடிக்கவில்லை, கூரையும் இடியவில்லை. கடையில் எனக்குத் துணைக்கு நிற்கும் லே ஹார் முள்ளைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மதியக் கூட்டத்துக்குச் சற்று முன் ஆ செங்கின் குரல் கேட்டது. "கோப்பி ஓ, சீனி இல்லாம!" எல்லாக் கடைகளிலும் துணி பறந்தது. நான் துணியைத் தொடவில்லை. ரோஹானா வந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து வெப்பமானியைச் செருகினாள்.

"நாலு" என்றாள், அவளுக்கே நம்பிக்கை இல்லாமல்.

லே ஹார் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "நல்லாப் பாத்தியாம்மா? அடியில இருக்கிறதையும் பாரேன்."

ரோஹானா அடிப்பெட்டியை இழுத்து, அதிலிருந்த மீனிலும் வெப்பமானியைச் செருகினாள். "இதுவும் நாலுதான் ஆன்ட்டி."

"இன்னொரு தடவ பாரும்மா."

மீ வாங்க நின்ற வரிசை முணுமுணுத்தது. ரோஹானா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் வெப்பமானியைத் துடைத்து, மறுபடியும் செருகி, எண் தெரியும்படி லே ஹார் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

மண்டபத்தில் அழாத என் மனைவி, மீன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.