ஆவாரம்பட்டைக்கு ஒரு பள்ளிக்கூடம்

வாத்தியார் வேலையில் பாடம் சொல்வது சுலபம். சொல்வதற்கு ஒரு கூரை கிடைப்பதுதான் பெரும்பாடு. கிராமத்துப் பள்ளியில் காலம் தள்ளிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் மழை

மாதனூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே ஒழுகாத பொதுக் கட்டடம், ஒரே அறை கொண்ட எங்கள் போர்டு பள்ளிக்கூடம்தான். தோல் பதனிட ஆம்பூருக்கு ஆவாரம்பட்டை அனுப்புவது, ஊரில் அதிகாரம் செலுத்திய மணியக்காரரின் வியாபாரம். மழைக்காலம் வந்ததும் அவருடைய வண்டிகள் வாசலில் நின்றன. அறை நிறையப் பட்டைக் கட்டுகள். பிள்ளைகளும் நானும் புளியமரத்தடிக்குப் போனோம்.

மழை பிடித்துக்கொண்டது. சிலேட்டில் எழுதியது எழுத எழுதக் கரைந்தது. நனைந்தபடியே அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்: "இன்னா வாத்தியாரே, பேஜார் பண்றீங்க? பட்டை நனைஞ்சா வீணாப்பூடும். பசங்க நனைஞ்சா காஞ்சிடுவாங்க."

முனியம்மாவின் தாய்

இன்ஸ்பெக்டர் வரப்போவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் சரியாக வாசிக்காவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. தடையில்லாமல் வாசிப்பவள் முனியம்மா ஒருத்திதான், அவளையே நம்பியிருந்தேன். மணியக்காரருக்குப் பட்டை உரிக்கும் அவள் தாய் ஒருநாள் வந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சநாள் விடும்மா என்று கெஞ்சினேன்.

"நான் உரிச்ச பட்டை உள்ள குந்தினுகீது சாமி, எம் பொண்ணு வெளிய நனையுது. அதுவும் பட்டை உரிக்கவே வரட்டும், அப்பவாச்சும் உள்ள போவும்."

முனியம்மாவை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று

முன்தினமே மணியக்காரர் அறையைக் காலி செய்து, மாவிலைத் தோரணமும் கட்டிவிட்டார். பிள்ளைகளோ உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றார்கள். அவ்வளவு தடவை விரட்டப்பட்டிருந்தார்கள். கைபிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். வாசிக்கச் சொன்னபோது ஒவ்வொருவனாகத் திக்கினான். நடந்ததை எல்லாம் இன்ஸ்பெக்டரிடம் கொட்டினேன். அவர் பெருக்கிய தரையைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார். பக்கத்தில் கைகட்டி நின்ற மணியக்காரரையும் பார்த்தார்.

"கட்டடம் நல்லாத்தானே இருக்கு? பிள்ளைங்களுக்குத்தான் ஒண்ணும் வரலை. அப்போ குறை யார்கிட்ட, வாத்தியார்?"

அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை. இன்னும் உரக்கக் கத்தியிருக்க வேண்டுமோ? யார் காதில் விழுந்திருக்கும்?

பள்ளியை மூடி வெகுகாலமாகியும் ஊரார் அதைப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்கிறார்கள்; ஒருநாள் தவறாமல் ஆஜராவது ஆவாரம்பட்டை மட்டும்.